தாமரை மணிக்கு எந்த ஊர்

இரண்டு ஆறுகளுக்கு நடுவே தென்திசை நோக்கிப் பள்ளிகொண்டவனே, வருகிறவர் யார், எந்த ஊர் என்று கேளாமலே எல்லோரையும் ஏற்றுக்கொள்பவனே, அடியேன் எழுதப் புகும் இந்தச் சில பக்கங்களில் பொய் நுழையாதபடி காத்தருள வேண்டும். நீ கேட்க வேண்டியதில்லை, நீ அறிவாய். நாங்கள் கேட்டுத்தான் அறிய வேண்டியிருக்கிறது. அப்படிக் கேட்டதனால் எனக்கு வந்த சச்சரவைத்தான் எழுதப் போகிறேன்.

இன்று பங்குனி உத்திரம். பெருமாளும் பெரிய பிராட்டியாரும் ஆண்டுக்கு ஒரே முறை சேர்ந்து எழுந்தருளும் திருநாள். காலையில் தாயார் சந்நிதி வாசலில் நடந்த ஊடலைச் சேவித்துவிட்டு வந்து, வியர்வையில் நனைந்த வேட்டியை மாற்றியதும் எழுத உட்கார்ந்துவிட்டேன். தள்ளிப்போட்டால் கோபம் ஆறிவிடும். ஆற வேண்டாம் என்றே நினைக்கிறேன்.

வங்கியொன்றின் வெளிநாட்டு வாணிபப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். காலையில் கோயில் கோஷ்டியில் நின்று பாசுரம் சேவிப்பேன். பிறகு பஸ் ஏறிக் காவிரிப் பாலத்தைக் கடந்து கே.கே. நகருக்குப் போவேன். அங்கே ஒரு மாடியின் இரண்டு அறைகளில் எங்கள் வட்டாரத்து ஏற்றுமதியாளர் சங்கம் இயங்குகிறது. வாழை அனுப்புகிறவர்கள், அரிசி அனுப்புகிறவர்கள், கோரைப்பாய் அனுப்புகிறவர்கள் அதில் உறுப்பினர்கள். கடல் கடந்து போகும் சரக்கோடு, இது இன்ன நாட்டில் விளைந்தது அல்லது செய்யப்பட்டது என்று கூறும் பிறப்பிடச் சான்று ஒன்றும் போக வேண்டும். அதை நினைத்தவரெல்லாம் தந்துவிட முடியாது. மத்திய அரசு அங்கீகரித்த அமைப்புதான் தரலாம். அந்த அமைப்பின் சார்பில் பெயர் பதிந்த ஒருவர்தான் கையெழுத்திடலாம். எங்கள் சங்கத்துக்கு அந்த அங்கீகாரம் உண்டு. கையெழுத்திடுபவன் நான்.

இப்போது மையும் முத்திரையும் இல்லை. கணினியில் செருகும் சாவி ஒன்று, பார்வைக்குப் பென்டிரைவ் போல இருப்பது, அதுதான் என் கையெழுத்து. பல அலுவலகங்களில் அதைக் கிளார்க்கின் மேஜை டிராயரில் போட்டுவிட்டு, கையெழுத்துக்கு உரியவர் பேரக்குழந்தையோடு ஊட்டிக்குப் போய்விடுவார். நான் அதை வீட்டில் கோயிலாழ்வாருக்கு அடியில் வைப்பேன். பெருமாள் எழுந்தருளியிருக்கும் பெட்டியை எங்கள் வீடுகளில் அப்படித்தான் சொல்லுவோம். காலையில் சேவித்து எடுத்துக்கொண்டு போய், மாலையில் திரும்பக் கொண்டுவந்து வைப்பேன். "பெருமாளுக்கு அமுது பண்றச்சே உங்க கம்ப்யூட்டர் சாவிக்கும் ஒரு கரண்டி வெச்சுடட்டுமா?" என்று என் மனைவி கேட்பாள். அவள் கேலி செய்யாத நாள் குறைவு.

தை மாதத்தில் ஒரு செய்தி வந்தது. சங்கத்தின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும் முன் சென்னையிலிருந்து அதிகாரி ஒருவர் வந்து ஆய்வு செய்வார் என்றார்கள். எங்கள் செயலாளர் மண்ணச்சநல்லூர்ப் பக்கத்து அரிசி ஆலைக்காரர். நல்லவர், பயந்த சுபாவம். எத்தனை சான்று தருகிறோம் என்று பார்ப்பார்கள், குறைவாக இருந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று அன்றிலிருந்தே அவருக்குத் தூக்கம் போயிற்று. அவர் பயத்தில் நியாயம் இருந்தது. அங்கீகாரம் போனால் எங்கள் வாழைக்காரர்கள் வேறு ஊர்ச் சங்கங்களின் வாசலில்தான் நிற்க வேண்டும். தார் வெட்டிய கையோடு விமானம் ஏற வேண்டிய சரக்கு அது. எங்களுக்கு ஒரு போன் வந்தால் ஞாயிற்றுக்கிழமையும் சான்று போகும். முகம் தெரியாத ஊரில் ஞாயிற்றுக்கிழமை யார் போனை எடுப்பார்கள்?

நாங்கள் தரும் சான்றுகளில் பெரும்பங்கு ஒரே உறுப்பினருடையது. பூஜைப் பொருள்கள் அனுப்புகிறவர். ஊதுவத்தி, குங்குமம், விளக்குத் திரி, மணி மாலைகள். ஆண்டுதோறும் விரதமிருந்து சமயபுரத்துக்கு நடந்து போகிறவர். பேச்சுக்குப் பேச்சு ஆத்தாளைச் சாட்சிக்கு அழைப்பவர். ஆய்வுச் செய்தி வந்த சில நாட்களில் அவர் என் வீட்டுக்கு வந்தார். தட்டில் பழம், வெற்றிலை, அதன் நடுவே தாமரை மணி மாலை ஒன்று.

"புதுசா அனுப்பப் போற சரக்கு, சுவாமி. வெளிநாட்டுல ஒரு பெருமாள் கோயிலுக்குக் கும்பாபிஷேகம், உங்க வழக்கத்துல சம்ப்ரோக்ஷணம். அங்க வர்றவங்களுக்கெல்லாம் கொடுக்க ஸ்ரீரங்கத்து மாலை வேணும்னு கேட்டிருக்காங்க. முதல் மாலை உங்க கழுத்துல ஏறணும்னு நினைச்சேன்" என்றார்.

துளசி மணியும் தாமரை மணியும் எங்களுக்கு அடையாளங்கள். தாமரையின் விதையை உலர்த்தித் துளையிட்டுக் கோத்தது தாமரை மணி. மாலை அழகாகத்தான் இருந்தது. மணி ஒவ்வொன்றும் ஒரே அளவு, ஒரே கரும்பழுப்பு. பெற்றுக்கொண்டேன்.

அவர் அறியாத வழக்கம் ஒன்று எங்களுக்கு உண்டு. புதிய மாலையை நேரே கழுத்தில் போட்டுக்கொள்ள மாட்டோம். காலையில் சாளக்கிராமத்துக்குத் திருமஞ்சனம் செய்யும்போது அந்த மாலையையும் பாலில் நனைத்துத் திருவடியில் சாத்தி, அதன் பிறகே தரிப்போம். மறுநாள் அப்படித்தான் செய்தேன். வட்டிலில் இருந்த பால் மெல்ல நிறம் மாறியது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, பெருமாளுக்குப் பால் திருமஞ்சனமா, டீ திருமஞ்சனமா?"

"சாயம் போறது."

"தாமரை விதைக்கு யாராவது சாயம் போடுவாளா? இது எந்த ஊர் மாலைன்னா?"

அவள் வாயில் வந்த அந்தக் கேள்வியைத்தான், வேறு நடையில், நான் தினமும் சரக்குகளிடம் கேட்கிறேன். மாலையைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அலுவலகத்தில் கணினியைத் திறந்தால் அவர் விண்ணப்பம் காத்திருந்தது. தாமரை மணி மாலைகள், பிறப்பிடம் இந்தியா. ஒவ்வொரு சரக்கையும் நேரில் பார்க்க வேண்டும் என்று விதி எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஐயம் வந்தால் பார்க்கலாம். எனக்கு ஐயம் பால் வட்டிலிலேயே வந்துவிட்டது. எடமலைப்பட்டி புதூரில் இருந்த அவருடைய கோடவுனுக்கு, சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன்.

உள்ளே பாய் விரித்துப் பெண்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய அட்டைப் பெட்டிகளிலிருந்து மாலைகளை அள்ளிப் போட்டு, அதன் நைலான் கயிற்றை வெட்டி, மஞ்சள் நூலில் கோத்து, முடிச்சிட்டு, கோபுரப் படம் அச்சிட்ட சிறு பெட்டிகளில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். அட்டைப் பெட்டிகளின் மேல் இருந்தது நம் நாட்டு எழுத்து அன்று.

உரிமையாளர் எழுந்து வந்தார். நான் எதிர்பார்த்ததற்கு மாறாக அவர் எதையும் மறைக்கவில்லை. அதுதான் என்னை அதிகம் சுட்டது.

"ஆமாங்க சுவாமி, மணி கப்பல்ல வருது. இங்க யாருங்க இவ்வளவு மணி ஒரே அளவுல துளை போட்டுத் தருவாங்க? நூல் நம்மது, கோக்கறது நம்ம பொண்ணுங்க, பெட்டி நம்மது, பூஜை போட்டுத்தான் அனுப்பறோம். அப்புறம் என்ன?"

"நூலை மாற்றினாலும் பெட்டியை மாற்றினாலும் பிறந்த இடம் மாறாது. விதி தெளிவாக இருக்கிறது. உங்களுக்கும் தெரியும்."

"விதி இருக்கட்டும். நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்கக் கூடாது." அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. "உங்க ரங்கநாதர் எந்த ஊரு? அயோத்தியிலேர்ந்து விபீஷணன் தூக்கிட்டு வந்ததா நீங்கதான் சொல்றீங்க. வழியில இறக்கி வெச்சாரு, இங்கயே தங்கிட்டாரு. இன்னைக்கு அவரை அயோத்தி சாமின்னா சொல்றீங்க? ஸ்ரீரங்கம் பெருமாள்தானே? மணியும் வந்துச்சு, இங்க தங்குச்சு. அதுக்கு மட்டும் ஏன் சுவாமி ஊர் கேக்கறீங்க?"

பெண்கள் கோப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். நல்ல வாதம் என்றுதான் எனக்கும் பட்டது. சொல்லில் வல்லவர்களோடு ஆயுள் முழுதும் பழகியிருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியைக் கோஷ்டியில் யாரும் கேட்டதில்லை.

"அவர் எங்கிருந்து வந்தார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"நீங்கதான் சொல்றீங்களே. ஊருக்கே தெரியும்."

"அதுதான். யுகம் கடந்தும் அவர் வந்த வழியை நாங்கள் மறைக்கவில்லை. அயோத்தியிலிருந்து வந்தவர் என்று சொல்லிச் சொல்லித்தான் கொண்டாடுகிறோம். உங்கள் பெட்டியிலும் அதைச் சொல்லுங்கள். மணி இன்ன நாட்டிலிருந்து வந்தது, கோத்தது இங்கே என்று போடுங்கள். பிறப்பிடம் அந்த நாடு என்று விண்ணப்பம் கொடுங்கள். இன்றைக்கே கையெழுத்திடுகிறேன். வெளியிலிருந்து வந்து மறுபடி போகும் சரக்குக்கும் உண்மையான ஊரைச் சொல்லிச் சான்று தரலாம்."

அவர் சிரித்தார். "அந்த ஊர் பேரைப் போட்டா வாங்கற நாட்டுல வரி எக்கச்சக்கம், சுவாமி. அதுவுமில்லாம, கோயில்ல கொடுக்கற மாலையில அந்தப் பேரைப் பார்த்தா யாரு தொடுவாங்க?"

ஓரத்தில் இருந்த ஒரு பெண், நடுவயதுக்காரி, என் கழுத்தைப் பார்த்துக் கேட்டாள். "சாமி, உங்க கழுத்துல கிடக்கறது எந்த ஊரு மணி?"

பக்கத்தில் இருந்தவள் அவள் தொடையில் தட்டினாள். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"எனக்குத் தெரியாது அம்மா. ஆசாரியர் கொடுத்தார், போட்டுக்கொண்டேன். ஆனால் இது இந்த ஊர் மணிதான் என்று நான் யாருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லையே" என்றேன்.

"அது சரிதான்" என்று அவள் மறுபடி நூலை எடுத்தாள்.

பையிலிருந்த மாலையை எடுத்து உரிமையாளரின் மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். வாசல் வரை அவர் குரல் வந்தது. "உங்க கையெழுத்து ஒண்ணுதான் நாட்டுலயே இருக்கா? இன்னைக்கு கம்ப்யூட்டர்ல தட்டினா எந்தச் சங்கத்துலயும் வாங்கலாம். மத்த சரக்கையும் சேர்த்துக் கொண்டு போயிடுவேன். அப்புறம் உங்க சங்கம் என்ன ஆகும்னு யோசிச்சுக்கங்க."

போங்கள் என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக நான் இன்று வரை வருந்தவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பி விண்ணப்பத்தை நிராகரித்தேன். காரணம் கேட்கும் கட்டத்தில், நூல் மாற்றுவதும் அடைப்பதும் மட்டுமே இங்கு நடந்தன என்று எழுதினேன். உண்மையான பிறப்பிடத்தைக் கூறி விண்ணப்பித்தால் உடனே சான்று தரப்படும் என்றும் சேர்த்தேன். மறுநாள் செயலாளர் என் மேஜைக்கு எதிரே வந்து நின்றார். கையில் இரண்டு டீ. கோபமாக இருந்தாலும் எனக்கும் சேர்த்து டீ சொல்லிவிடுவது அவர் பழக்கம்.

"ஐயா, ஆய்வு வர்ற நேரத்துல இது தேவைதானா? அவர் போயிட்டா நம்ம கிட்ட என்ன மிஞ்சும்? வாழைக்காரங்களையும் பாய்க்காரங்களையும் வெச்சுக்கிட்டு எண்ணிக்கை காட்ட முடியுங்களா?"

"வாழைக்காரர்களுக்காகத்தான் சொல்கிறேன். நாளைக்கு அந்த மாலை ஏதாவது ஒரு துறைமுகத்தில் பிடிபட்டால், இந்தச் சங்கத்தின் பெயர் போட்ட வாழைக்காய்ப் பெட்டியையும் அங்கே பிரித்துப் பார்ப்பார்கள். பழுத்து அழுகும் வரை பிரித்துப் பார்ப்பார்கள்."

அவர் டீயைக் குடித்து முடித்தார். குரலைத் தாழ்த்தினார். "நீங்க கையெழுத்துப் போட வேணாம். உங்களுக்கு மனசு ஒப்பலைன்னா விடுங்க. சாவியை மட்டும் இங்க வெச்சிட்டு ரெண்டு நாள் வீட்டுல ரெஸ்ட் எடுங்க. கிளார்க்கம்மா பார்த்துக்குவாங்க. எல்லா இடத்துலயும் அப்படித்தாங்க நடக்குது."

"அந்தச் சாவியை வைத்துவிட்டுப் போவதும் கையெழுத்துப் போடுவதும் ஒன்றுதான்."

"அப்ப கமிட்டியில வெச்சு ஆளை மாத்தச் சொல்லுவேன்."

"தாராளமாக. புதிய ஆள் பெயர் பதிவாகி அவருக்குச் சாவி வரட்டும். அதுவரை இது பெருமாள் காவலில் இருக்கும்."

அவர் ஆளை மாற்றவில்லை. என்னோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். மாசி மாதம் முழுதும் அலுவலகம் ஓசையின்றிக் கிடந்தது. பூஜைச் சாமான்காரர் சொன்னபடி எல்லாவற்றையும் வேறிடம் கொண்டு போய்விட்டார். வாழைக்காரர்கள் வந்தார்கள்; பாய்க்காரர்கள் எப்போதாவது வந்தார்கள். மற்ற நேரத்தில் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு, மனத்துக்குள் பாசுரங்களைச் சந்தை சொல்லிக்கொண்டு, அதாவது அடியடியாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டு, உட்கார்ந்திருந்தேன். ஒரு கிழவனின் பிடிவாதத்தால் சங்கம் முழுகப் போகிறது என்று உறுப்பினர்கள் சிலர் மாடிப்படியில் நின்று பேசியது என் காதில் விழத்தான் விழுந்தது. விழட்டும் என்றே அவர்கள் உரக்கப் பேசினார்கள். கதவைத் திறந்து வைத்துக் கேட்டேன்.

பங்குனி பிறந்ததும் அதிகாரி வந்தார். நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. உபசாரம் எதையும் ஏற்காமல் தண்ணீர் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். எடுத்த எடுப்பில், "போன மாசம் உங்க எண்ணிக்கை ஏன் இப்படி விழுந்திருக்கு?" என்றார்.

செயலாளர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். நான் பதில் சொன்னேன். "ஓர் உறுப்பினர் கேட்ட சான்றை நான் தரவில்லை. அவர் போய்விட்டார்."

"பார்த்தேன். நிராகரிச்சதுக்குக் காரணமும் எழுதியிருக்கீங்க. உண்மையான நாட்டைச் சொன்னா தரேன்னும் எழுதியிருக்கீங்க." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆனா ஒண்ணு சொல்லணும் சார். எண்ணிக்கையையும் மேல பார்ப்பாங்க. இவ்வளவு சின்ன அமைப்பு தனியா எதுக்கு, பெரிய அமைப்பு ஒண்ணோட சேர்த்துடலாமேன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"சின்ன அமைப்பாக இருப்பதால்தான் பஸ் ஏறிப் போய்ச் சரக்கைப் பார்க்க முடிந்தது என்று சொல்லுங்கள்" என்றேன். "எண்ணிக்கைதான் வேண்டுமென்றால் அவருக்கு நான் அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன். நீங்கள் வரும்போது நிறையக் காட்டியிருப்பேன். நீங்களும் மகிழ்ந்து எழுதிவிட்டுப் போயிருப்பீர்கள். அப்படி ஒரு அங்கீகாரம் வேண்டாம். அதைவிடச் சங்கத்தை மூடிவிடுங்கள்."

செயலாளரின் முழங்கால் என் நாற்காலியை இடித்தது. அதிகாரி அவர் பக்கம் திரும்பினார். "இவர் சொல்றது உங்க கமிட்டியோட கருத்துமா? இவரே கையெழுத்துக்குத் தொடர்ந்து இருக்கணும்னு நினைக்கிறீங்களா?"

செயலாளர் என்னைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். "மேடம், இவரை மாத்தணும்னாலும் எனக்கு வேற ஆள் கிடைக்காதுங்க. சாவி வேற இவங்க வீட்டுப் பெருமாள் கிட்ட இருக்கு. அவர் கிட்ட போய் யாரு கேக்கறது?"

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஃபைலை மூடும்போதும் அவர் உதட்டில் அது இருந்தது. மாடிப்படி வரை வழியனுப்பிவிட்டு வந்த செயலாளர், "மூடிருங்கன்னு சொல்றீங்களே ஐயா, மில்லா இது, நீங்க சொன்னதும் மூட?" என்று முணுமுணுத்தார். பிறகு டீ சொன்னார். எனக்கும் சேர்த்துத்தான்.

இந்த வாரத்தில் முடிவு வந்தது. முழுக் காலத்துக்கு இல்லை. குறுகிய காலத்துக்கு நீட்டித்திருக்கிறார்கள். சான்றுகளின் எண்ணிக்கையை உயர்த்த வேண்டும் என்று ஓர் அறிவுரையும் இருந்தது. பொய்ச் சான்று தந்து எண்ணிக்கையை ஒன்றுகூட உயர்த்த மாட்டேன் என்று செயலாளரிடம் அப்போதே சொல்லிவிட்டேன். தெரியும் என்றார். அன்று மாலையே வாழைப் பெட்டிகளுக்கு ஒரு சான்று போயிற்று. அதைக் கேட்டவர் போனில் சொன்னது, "சங்கம் இருக்குல்ல? அது போதும்" என்பதுதான்.

இன்று காலை தாயார் சந்நிதி வாசலில் நல்ல கூட்டம். உறையூர் போய் அங்குள்ள நாச்சியாரோடு சேர்த்தியில் இருந்துவிட்டு வந்த பெருமாள், எதுவும் நடக்காதது போலப் பல்லக்கில் எழுந்தருளுகிறார். இங்கே பிராட்டி கதவைச் சாத்திவிடுகிறாள். வாழைமட்டையும் பூப்பந்தும் பல்லக்கின் மேல் வந்து விழுகின்றன. எங்கே போயிருந்தீர், சாத்தியிருப்பது யார் கொடுத்த மாலை, ஏன் கசங்கியிருக்கிறது என்று அவள் தரப்பில் கேட்கிறார்கள். அவர் தரப்பில் ஒவ்வொரு சாக்காகச் சொல்லிப் பார்க்கிறார்கள். எல்லா உலகங்களையும் உடையவன், பூட்டிய கதவுக்கு முன்னே பின்னும் முன்னுமாய் நடக்கிறான். ஆண்டுதோறும் சேவிக்கிறேன். இந்த ஆண்டுதான் ஒவ்வொரு கேள்வியையும் காது கொடுத்துக் கேட்டேன்.

தோளோடு தோள் இடித்து நின்றவர் யாரென்று திரும்பினேன். பூஜைச் சாமான்காரர். சமயபுரத்துக்குப் போகிறவர் இங்கே ஏன் வந்தார் என்று நான் கேட்கவில்லை.

"பெருமாளையே நிக்க வெச்சுக் கேக்கறாங்களே, சுவாமி" என்றார்.

"நீங்கள் அன்று அயோத்தியைக் கேட்டீர்களே. எங்கள் ஊரில் பக்கத்து உறையூருக்குப் போய்வந்ததையே கேட்போம். பதில் வந்தால்தான் கதவு திறக்கும்."

இன்னொரு மட்டை வந்து விழுந்தது. "அந்த மாலை இன்னும் கோடவுன்லதான் கிடக்கு" என்றார்.

"வேறு சங்கத்தில் வாங்கவில்லையா?"

"வாங்கியிருக்கலாம்." அவர் கண் பல்லக்கிலேயே இருந்தது. பிறகு, "அந்த நாட்டுப் பேரையே போட்டுக் கொடுத்தா, கையெழுத்துப் போடுவீங்களா?"

"திங்கட்கிழமை வாருங்கள். சாவியோடு இருப்பேன்."

"வரேன்னு நான் சொல்லல" என்றார்.

கதவு திறந்தது. கூட்டம் எங்களை இரண்டு பக்கமாகப் பிரித்துத் தள்ளிக்கொண்டு போயிற்று. அவர் வருவாரோ மாட்டாரோ, அறியேன். வராவிட்டாலும் விண்ணப்பத்தில் நான் எழுதிய காரணம் அப்படியேதான் இருக்கும். ஒரு சொல்லும் மாற்ற மாட்டேன்.

பிணக்குத் தீர்ந்து சேர்த்தியில் அமர்ந்திருக்கும் திவ்ய தம்பதிகளின் திருக்கண் நோக்கு, இதை வாசிக்கும் உங்கள் அனைவர் மீதும் படியட்டும். உங்கள் வீட்டுக்குள் வரும் பொருள் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் அச்சமின்றிக் கேட்கவும், உங்களை யாரேனும் கேட்டால் நீங்கள் தலைநிமிர்ந்து பதில் சொல்லவும் அவர்கள் அருள்க. உங்கள் குடியும் கிளையும் நிறைவோடு வாழ்க.